ஒரு பிடி அரிசியில் எழுந்த சபை

2023ஆம் ஆண்டு நவம்பரில் ஐந்து மாநிலங்களில் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. ஐந்துக்கும் டிசம்பர் 3ஆம் தேதி ஒரே நாளில் வாக்கு எண்ணப்படும் என்று தேர்தல் கமிஷன் அறிவித்திருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. மற்ற நான்கு மாநிலங்களில் அது யாருக்கும் உறுத்தவில்லை. மிசோரமில் உறுத்தியது. ஆராதனை நாளில் ஓட்டு எண்ண வேண்டாம் என்று சபைகளும் கட்சிகளும் கமிஷனைக் கேட்டுக்கொண்டன. கமிஷன் இணங்கிற்று. மிசோரமில் மட்டும் மறுநாள் திங்கட்கிழமை வாக்குகள் எண்ணப்பட்டன.

யார் மந்திரி, யார் முதல் மந்திரி என்று தெரிந்துகொள்ள ஒரு நாள் பொறுத்திருப்போம் என்று ஒரு மாநிலமே சொல்கிறது என்றால், அங்கே ஞாயிற்றுக்கிழமைக்கு இருக்கும் மரியாதை சாதாரணமானதல்ல. அந்த மரியாதையை வளர்த்ததில் பெரும்பங்கு மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபைக்கு உண்டு. பர்மாவுக்கும் வங்கதேசத்துக்கும் நடுவே நீண்டு கிடக்கும் இந்த மலை மாநிலத்தில் 2011ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி 10,97,206 பேர். அவர்களில் நூற்றுக்கு 87 பேர் கிறிஸ்தவர்கள். தெற்கே லுங்லெய் பக்கத்தில் பாப்டிஸ்டுகள் அதிகம். மாநிலம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் பிரஸ்பிட்டேரியன் சபையே மிகப் பெரியது.

பேட்டைக்கு ஒரு கோயில்

தலைநகர் அய்சால் ஒரு மலை முகட்டின் மேல் இருக்கிறது. வீடுகள் சரிவில் படிப்படியாக இறங்குகின்றன. நகரம் 'வெங்' என்று அழைக்கப்படும் பேட்டைகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு பேட்டைக்கும் அதன் சபை, அதன் கோயில். அப்படிப்பட்ட பேட்டைகளில் ஒன்று தெற்கே உள்ள மிஷன் வெங். வேல்ஸ் தேசத்து மிஷனரிகள் வீடு கட்டிக் குடியிருந்த இடமாதலால் இந்தப் பெயர். சபையின் தலைமை அமைப்பான சினோடின் அலுவலகம் இன்றும் இங்கேதான் இருக்கிறது. தலைமையகம் இருக்கும் பேட்டை என்பதால் ஆராதனை முறை வேறு என்று நினைக்க வேண்டாம். மிஷன் வெங்கில் நடப்பதேதான் மலைக் கோடியிலுள்ள முப்பது வீட்டுக் கிராமத்திலும் நடக்கிறது.

சனிக்கிழமை இரவே ஒரு ஜெபக்கூட்டம். ஞாயிறு காலை ஞாயிறு பள்ளி. இது குழந்தைகளுக்கு மட்டுமல்ல. தலை நரைத்தவர்களும் வகுப்பு வகுப்பாக உட்கார்ந்து பாடம் கேட்கிறார்கள். நண்பகலில் ஆராதனை. இருட்டிய பின் மீண்டும் ஆராதனை. கடைகள் மூடிக் கிடக்கும். வார நாட்களிலும் வாலிபர் கூட்டம், மாதர் கூட்டம் என்று மாலை நேரத்தில் ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருக்கும். ஆபீஸ் விட்டு வந்த குமாஸ்தா கை கால் கழுவிக்கொண்டு, சீக்கிரமே சாப்பிட்டுவிட்டு, கோயிலுக்குக் கிளம்பிவிடுகிறார்.

உள்ளே ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் அமர்வது பழைய வழக்கம். சிலைகள் இல்லை. படங்கள் இல்லை. தூபம் இல்லை. நடுநாயகமாக இருப்பது பிரசங்க பீடம். அதன் மேல் வேதாகமம். பிரஸ்பிட்டேரியன் கொள்கையின் சாரத்தை அந்த மேடையைப் பார்த்தே ஒருவர் புரிந்துகொள்ளலாம். வேதவசனமே தலைமை. அதை வாசித்து விளக்குவதே ஆராதனையின் மையம். திருமுழுக்கு, திருவிருந்து என்ற இரண்டு மட்டுமே புனிதச் சடங்குகள். விசுவாசிகளின் கைக்குழந்தைகளுக்கும் ஞானஸ்நானம் உண்டு. பாப்டிஸ்டுகளிடமிருந்து இவர்கள் வேறுபடும் முக்கிய இடம் இதுதான்.

பிஷப் இல்லாத ஆட்சி

'பிரஸ்பிட்டர்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு மூப்பர் என்று பொருள். 16ஆம் நூற்றாண்டில் ஜெனிவாவில் ஜான் கால்வின் வகுத்த முறை இது. 1560இல் ஜான் நாக்ஸ் அதை ஸ்காட்லாந்தில் வேரூன்றச் செய்தார். பிஷப் என்று ஒருவர் மேலே அமர்ந்து ஆள்வதில்லை. சபையார் தேர்ந்தெடுக்கும் மூப்பர்களும் போதகரும் சேர்ந்த குழுவே சபையை நடத்துகிறது. குழுவுக்கு மேல் குழு, அதற்கு மேல் இன்னொரு குழு என்று அடுக்கு உண்டு. ஆனால் எந்த அடுக்கிலும் தனி ஒருவர் வைத்ததே சட்டம் என்பது கிடையாது.

இந்த முறை தமிழர்களுக்கு முற்றிலும் புதியதல்ல. சென்னையில் ஸ்காட்லாந்து மிஷன் 1837இல் தொடங்கிய பள்ளிதான் பின்னால் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. 1908இல் தென்னிந்தியாவின் பிரஸ்பிட்டேரியர்களும் காங்கிரிகேஷனல் சபையாரும் இணைந்தார்கள். 1947 செப்டம்பர் 27ஆம் தேதி அந்த ஐக்கிய சபை, ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகள் எல்லாம் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. சி.எஸ்.ஐ. கோயில்களில் குருவானவரை இன்றும் பிரெஸ்பிட்டர் என்று அழைப்பது இந்தப் பரம்பரையின் அடையாளம். அங்கே பிஷப்பும் உண்டு, பிரெஸ்பிட்டரும் உண்டு. வடக்கே 1970இல் வட இந்தியத் திருச்சபை உருவானபோது வடகிழக்கு மலைகளின் பிரஸ்பிட்டேரியர்கள் அதில் சேரவில்லை. பிஷப் இல்லாமலே தொடர்ந்தார்கள்.

மிசோ மொழியில் மூப்பரை 'உபா' என்கிறார்கள். உபா ஆவதற்குச் சபையாரின் ஓட்டு வேண்டும். அவர் பள்ளி ஆசிரியராக இருக்கலாம், கடைக்காரராக இருக்கலாம், சர்க்கார் ஆபீஸில் பைல் பார்ப்பவராக இருக்கலாம். ஒரு போதகரின் பொறுப்பில் பல சபைகள் இருப்பதால் அவரால் ஒவ்வொரு வாரமும் எல்லா இடத்துக்கும் வர முடியாது. ஆகையால் ஆராதனையை நடத்துவதும் பல நேரங்களில் பிரசங்கம் செய்வதும் உபாக்களே. போதகருக்குச் சம்பளம் உள்ளூர் சபை கொடுப்பதில்லை. சினோடின் பொது நிதியிலிருந்து வருகிறது. பணக்காரப் பேட்டையின் போதகருக்கு ஒரு வாழ்வு, ஏழைக் கிராமத்தின் போதகருக்கு ஒரு வாழ்வு என்ற பேதம் இதனால் ஓரளவு தவிர்க்கப்படுகிறது. வரவு செலவுக் கணக்கு சபையார் முன் வைக்கப்படும். கணக்கு எழுதத் தெரிந்தவருக்கு அந்தச் சபையில் என்றும் வேலை உண்டு!

கஞ்சன் கொடுத்த பணம்

ராபர்ட் ஆர்திங்டன் என்ற ஆங்கிலேயர் லீட்ஸ் நகரில் வாழ்ந்தார். பரம்பரைச் சொத்து ஏராளம். தன் செலவுக்கு மட்டும் காலணா எடுக்க மனம் வராது. ஊரார் கஞ்சன் என்று பட்டம் கட்டினார்கள். மிச்சம் பிடித்த பணத்தை அவர் மிஷனரிகளுக்கு அனுப்பினார். அவர் அனுப்பிய இருவர், ஜே.எச். லொரெய்னும் எப்.டபிள்யூ. சேவிட்ஜும், 1894 ஜனவரி 11ஆம் தேதி படகில் வந்து சாய்ராங்கில் இறங்கினார்கள். அந்தத் தேதி இன்று மிசோரமில் அரசு விடுமுறை நாள்.

அப்போது மிசோ மொழிக்கு எழுத்து கிடையாது. இருவரும் ரோமன் எழுத்தில் அதற்கு அரிச்சுவடி அமைத்தார்கள். நான்கே ஆண்டுகள்தான் இருந்தார்கள். அதற்குள் இலக்கணமும் அகராதியும் தயாராயின. லூக்கா, யோவான் சுவிசேஷங்களும் மொழிபெயர்க்கப்பட்டன. 1898இல் இவை அச்சில் வந்தன. முழு வேதாகமம் மிசோவில் வெளிவர 1959 வரை ஆயிற்று. வேதம் வாசிக்க வேண்டுமானால் எழுத்துத் தெரிய வேண்டும். எழுத்துத் தெரிய வேண்டுமானால் பள்ளிக்கூடம் வேண்டும். 2011 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 91க்கு மேல் எழுத்தறிவு பெற்று நாட்டின் முன்வரிசையில் மிசோரம் நின்றதற்கு இதுவே தொடக்கம்.

லொரெய்னும் சேவிட்ஜும் புறப்படுமுன் 1897 ஆகஸ்டில் டி.இ. ஜோன்ஸ் வந்து பொறுப்பேற்றார். அவரை அனுப்பியது வேல்ஸ் நாட்டுப் பிரஸ்பிட்டேரியன் சபை. அந்தச் சபை 1841இலேயே தாமஸ் ஜோன்ஸ் என்பவரைக் காசி மலையின் சிரபுஞ்சிக்கு அனுப்பியிருந்தது. வேல்ஸ் சிறிய தேசம். பக்கத்திலேயே ஆங்கிலம் என்ற பெரிய மொழி இருந்தும் தன் மொழியை விடாதவர்கள் அந்த நாட்டார். சின்ன மொழியில் பிரசங்கிப்பதும் பாடுவதும் மதிப்புக் குறைவு என்று அவர்களுக்குத் தோன்றாததில் வியப்பில்லை. 1899 ஜூன் 25ஆம் தேதி கூமா, காரா என்ற இருவர் ஞானஸ்நானம் பெற்றார்கள். மலைநாட்டுச் சபையின் முதல் இரண்டு பெயர்கள் அவை.

உரலடியில் பிறந்த காணிக்கை

அரிசி விஷயத்துக்கு வருவோம். பழைய மிசோ வீட்டின் முன்தாழ்வாரத்துக்கு 'உரல் இருக்கும் இடம்' என்றே பெயர். மலைச்சரிவில் காடு வெட்டி எரித்து விதைத்த நெல்லைப் பெண்கள் விடியுமுன் எழுந்து குத்துவார்கள். அன்றன்றைய சோற்றுக்கு அன்றன்று குத்த வேண்டும். தண்ணீர் சுமப்பது, விறகு சுமப்பது எல்லாம் இதற்குமேல்.

அவர்களுடைய பழைய நம்பிக்கையில் 'பியல்ரால்' என்று ஒரு சொர்க்கம் உண்டு. அங்கே போனவர்கள் உழைக்க வேண்டாம். குத்தித் தீட்டிய அரிசி தயாராக இருக்கும். சொர்க்கத்தின் சுகத்தைச் சொல்ல ஒரு ஜனம் தேர்ந்தெடுத்த அடையாளம், யாரும் உரலிடிக்காமல் கிடைக்கும் அரிசி! ஆனால் அங்கே நுழையக் கொடுக்க வேண்டிய விலை பெரிது. குறிப்பிட்ட மிருகங்களையெல்லாம் வேட்டையாடியிருக்க வேண்டும். அல்லது ஊருக்கே பல தடவை விருந்து வைத்திருக்க வேண்டும். ஏழைக்கு அந்த வாசல் திறப்பது அருமை. விசுவாசித்த எவருக்கும் பரலோகம் உண்டு என்ற செய்தி ஏழைகளையும் பெண்களையும் ஏன் தொட்டது என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

சபைக்குப் பணம் வேண்டியிருந்தது. பெண்களின் கையில் காசு இல்லை. 1910இல் அவர்கள் ஒரு வழி கண்டார்கள். உலையில் போட அரிசி அளக்கும்போது அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பாத்திரத்தில் போட்டுவிட வேண்டும். காலைச் சமையலுக்கு ஒரு பிடி, மாலைச் சமையலுக்கு ஒரு பிடி. 'புஃபாய் தாம்' என்று இதற்குப் பெயர். புஃபாய் என்றால் குத்திய அரிசி. நெல்லை அல்ல, தங்கள் கையால் குத்திய அரிசியைக் கொடுத்தார்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். அந்தப் பிடியில் தானியமும் இருந்தது, விடியற்காலை உழைப்பும் இருந்தது.

அடுத்த ஆண்டே சோதனை வந்தது. மிசோ மலைகளில் ஏறக்குறைய 48 ஆண்டுகளுக்கு ஒரு முறை மூங்கில் காடு முழுவதும் ஒரே சமயத்தில் பூக்கும். விதையைத் தின்று எலிகள் பெருகும். விதை தீர்ந்ததும் எலிப்பட்டாளம் வயலில் இறங்கும். 1911-12இல் அப்படித்தான் பஞ்சம் வந்தது. பிடி அரிசி வழக்கம் அந்தப் பஞ்சத்தோடு மாய்ந்துவிடவில்லை. அதற்குப் பின் 1959இலும் 2007இலும் மூங்கில் பூத்தது. அந்த இரண்டையும் தாண்டி அது நிற்கிறது.

இன்றைக்கு அரிசி மில் வந்துவிட்டது; ரேஷன் கடை வந்துவிட்டது; காஸ் அடுப்பு வந்துவிட்டது. பிடி மட்டும் மாறவில்லை. மாதர் சங்கத்தார் வீடு வீடாகச் சென்று சேர்ந்த அரிசியை வாங்கி வருகிறார்கள். அது விற்கப்பட்டுப் பணம் கணக்கில் ஏறுகிறது. விறகு கட்டி விற்ற பணமும் தோட்டத்துக் காய்கறி விற்ற பணமும் இதோடு சேர்வதுண்டு. மாதச் சம்பளக்காரர்கள் பத்தில் ஒரு பங்கைத் தசமபாகமாகக் கொடுப்பது தனி. இந்தப் பணத்தில்தான் போதகர்களின் சம்பளமும், வெளி மாநிலங்களுக்குப் போகும் ஊழியர்களின் செலவும் நடக்கின்றன. மிஷனரிகள் வரும் ஊராக இருந்த இடம் மிஷனரிகளை அனுப்பும் ஊராக மாறியது இப்படித்தான்.

வெளிநாட்டார் கை இல்லாமல் நிற்க முடியுமா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய காலமும் வந்தது. 1959 பஞ்சத்தின் கசப்பிலிருந்து கிளம்பிய இயக்கம் 1966இல் ஆயுதக் கிளர்ச்சியாக வெடித்தது. அவ்வாண்டு மார்ச் 5ஆம் தேதி அய்சால் மீது விமானங்கள் குண்டு வீசின. மறு ஆண்டிலிருந்து கிராமங்கள் காலி செய்யப்பட்டு ஜனங்கள் சாலையோர முகாம்களில் குடியேற்றப்பட்டார்கள். அறுபதுகளின் கடைசியில் வேல்ஸ் மிஷனரிகள் வெளியேறினார்கள். ஊர் போயிற்று, வீடு போயிற்று, வயல் போயிற்று. உபாக்கள் இருந்தார்கள், அரிசிப் பாத்திரத்தோடு பெண்கள் இருந்தார்கள். முகாமில் சபை மீண்டும் கூடியது. சண்டையிடும் இரு தரப்புக்கும் இடையே சமாதானம் பேச சபைத் தலைவர்கள் பல முறை முயன்றார்கள். 1986 ஜூன் 30ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அடுத்த பிப்ரவரியில் மிசோரம் தனி மாநிலமானது.

கோயிலுக்குள் வந்த மேளம்

வேல்ஸ்காரர்கள் பாட்டுப் பைத்தியங்கள். 'டானிக் சோல்பா' என்ற எளிய ஸ்வரக் குறிப்பு முறையைப் பள்ளியிலும் கோயிலிலும் கற்றுக்கொடுத்தார்கள். இன்றும் மிசோ பாடகர் குழு பாட்டுத் தாளைப் பார்த்து நான்கு குரலில் பாடக் கேட்பது ஓர் அனுபவம். ஆனால் மேளத்துக்கு ஆரம்பத்தில் கோயிலில் இடமில்லை. அது அரிசிக் கள்ளோடும் பழைய விருந்துகளோடும் சேர்ந்த வாத்தியம் என்று ஒதுக்கினார்கள்.

1904-05இல் வேல்ஸில் எழுந்த பக்தி எழுச்சி காசி மலைக்குப் பரவி, 1906இல் மிசோ மலையையும் எட்டியது. அலை அலையாக அது திரும்பத் திரும்ப வந்தது. முதல் உலகப் போர் முடிந்த சமயத்தில் வந்த அலையில் ஜனங்கள் சொந்தமாகப் பாட்டுக் கட்டத் தொடங்கினார்கள். பாத்தேயா போன்ற மிசோ கவிகள் தோன்றினார்கள். மேலை மெட்டு மெல்ல இளகி, மலைநாட்டின் இழுப்பும் ஏக்கமும் கலந்த ஒரு பாணி உருவாயிற்று. 'லெங்கோம் ஸாய்' என்பது அதன் பெயர். கூடி அமர்ந்து பாடும் பாட்டு. அதற்கு மேளம் இல்லாமல் முடியாது. மேளம் உள்ளே வந்தது. பாட்டு சூடு பிடித்தால் நடுவில் எழுந்து ஆடுகிறவர்களும் உண்டு. பியல்ரால் என்ற பழைய சொர்க்கத்தின் பெயரும் கிறிஸ்தவப் பாட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. மிஷனரிகள் சிலருக்கு இதெல்லாம் அவ்வளவாக ரசிக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டத்தில்தான் சபை மிசோக்களுடைய சொந்தச் சபை ஆயிற்று என்று சொல்வது மிகையாகாது.

இந்தப் பாட்டின் முழு பலமும் தெரிய சாவு வீட்டுக்குப் போக வேண்டும். பேட்டையில் ஒருவர் இறந்தால் வாலிபர்கள் குழி வெட்டுகிறார்கள். இதற்குக் கூலி கிடையாது. 1935இல் மிஷனரிகளும் மிசோக்களும் சேர்ந்து தொடங்கிய இளைஞர் சங்கம் இதைப் பொறுப்பாகச் செய்கிறது. சபையார் கூடி இரவெல்லாம் பாடுகிறார்கள். டீ மட்டும் வந்துகொண்டிருக்கும். அடக்கம் முடிந்த பிறகும் சில இரவுகள் வந்து பாடுகிறார்கள். துக்க வீட்டார் தனித்து விடப்படுவதில்லை.

பீடத்தில் இல்லாதவர்கள்

குறையும் சொல்ல வேண்டும். மிசோக்களிடம் ஒரு பழமொழி உண்டு: நண்டுக் கறி கறியல்ல, பெண் பேச்சு பேச்சல்ல என்பது அதன் கருத்து. சபை பெண்களுக்கு எழுத்தைக் கொடுத்தது, சங்கத்தைக் கொடுத்தது, நிர்வாகப் பழக்கத்தைக் கொடுத்தது. ஆனால் போதகர் அபிஷேகம் கொடுக்கவில்லை. இறையியல் படித்துப் பட்டம் பெற்ற பெண்கள் வந்த பிறகும், இந்தக் கேள்வி எழுந்தபோதெல்லாம் மறுப்பே பதிலாக வந்தது. கூட்டம் நடத்தும் மூப்பர் வரிசை ஆண்களின் வரிசையாகவே நீடித்தது. பிஷப் வேண்டாம், ஜனங்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று கிளம்பிய ஒரு சபைமுறை இதை எவ்வளவு காலம் தள்ளிப்போட முடியும் என்பது நியாயமான கேள்வி. காணிக்கைக் கணக்கில் பிடி அரிசியின் இடத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகப் படும்.

சபையின் கை அரசியல் வரை நீளுவதைப் பற்றியும் இரண்டு அபிப்பிராயம் உண்டு. 2006இல் சபையின் முயற்சியில் 'மிசோரம் மக்கள் மன்றம்' ஏற்பட்டது. தேர்தலில் ஒலிபெருக்கிக் கூச்சல், விருந்து, பண வினியோகம் ஆகியவற்றுக்கு அது கட்டுப்பாடு விதித்தது. வேட்பாளர்கள் ஒரே மேடையில் அமர்ந்து ஜனங்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் கூட்டங்களை நடத்தியது. சுவரொட்டிக் காடு இல்லாத தேர்தலா என்று தமிழ்நாட்டுக்காரர்கள் வியக்கலாம். மதுவிலக்கிலும் சபையின் குரல் பெரிது. 1997இல் பூரண மதுவிலக்கு வந்தது, 2015இல் தளர்ந்தது, 2019இல் மறுபடி வந்தது. சட்டம் வந்தபோதும் கள்ளச்சாராயம் ஒழியவில்லை. சபைக்கு அஞ்சி வாக்களிப்பது சரியா என்று கேட்கும் மிசோ இளைஞர்களும் இருக்கிறார்கள்.

அதே சபைதான் 2021 பிப்ரவரியில் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் எல்லை தாண்டி ஓடி வந்த சின் மக்களுக்குக் கதவைத் திறந்தது. இனத்தால் அவர்கள் மிசோக்களின் சகோதரர்கள். பேட்டைச் சபைகளும் இளைஞர் சங்கமும் அவர்களுக்கு அரிசியும் உடுப்பும் திரட்டிக் கொடுத்தன.

வெளியூர் மிசோக்கள்

படிப்புக்கும் வேலைக்கும் மிசோ இளைஞர்கள் இப்போது டில்லி, பெங்களூரு, சென்னை என்று வருகிறார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு மிசோரமிலிருந்து வரும் நோயாளிகள் பல காலமாகவே அதிகம். பிழைக்க வந்த ஊரில் அவர்கள் முதலில் தேடுவது தங்கள் மொழியில் ஆராதனை நடக்கும் இடத்தைத்தான். சொந்தக் கட்டடம் இல்லாத நகரங்களில் வேறொரு சபையின் கோயிலையோ வாடகை ஹாலையோ ஞாயிறு மதியத்துக்குக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். மேளத்தையும் பாட்டுப் புத்தகத்தையும் கொண்டுவந்துவிட்டால் போதும். பிரசங்கம் செய்யப் போதகர் வர வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்குப் பழக்கமே இல்லை.

லொரெய்னும் சேவிட்ஜும் படகிலிருந்து இறங்கிய சாய்ராங்குக்கு 2025 செப்டம்பரில் ரயில் வந்துவிட்டது. கௌஹாத்திக்கும் கல்கத்தாவுக்கும் டில்லிக்கும் அங்கிருந்தே வண்டி ஏறலாம்.